கராச்சி விழுந்த இரவு

2025-ஆம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி வியாழக்கிழமை இரவு, கராச்சித் துறைமுகம் தரைமட்டமாயிற்று. இஸ்லாமாபாத் நகரம் நமது சேனையின் வசமாயிற்று. பாகிஸ்தானின் சேனாதிபதி சிறைப்பட்டார். இவ்வளவு பெரிய காரியங்களும் ஆவடியில், ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில், நாம் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்தன.

பொழுது விடிந்தது. கராச்சித் துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. இஸ்லாமாபாத்தும் அப்படியே. சேனாதிபதியும் தம்முடைய பதவியில் சௌக்கியமாக இருந்தார். அன்றிரவு உண்மையாக விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அது இன்னதென்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்லுகிறோம்.

ஆவடியைப் பற்றி நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்ததைச் சரித்திரப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965 இறுதியில் 'விஜயந்தா' என்ற டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1971 யுத்தத்தில் அது களத்தில் நின்றது. 'அர்ஜுன்' டாங்கியை வகுத்தவர்களும் இந்த ஊர்க்காரர்களே. விமானப்படை நிலையமும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும் இங்கே உண்டு. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது சீருடை உலர்ந்துகொண்டிருக்கும். மற்ற ஊர்களில் யுத்தம் என்பது செய்தி. ஆவடியில் அது குடும்ப விஷயம்.

நமது நண்பர் டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ராணுவத்தில் சேர்ந்து, அச்சமயம் ஜம்முப் பிரதேசத்தில் ராஜௌரிப் பக்கம் இருந்தார். மருமகள் இரண்டு வயதுக் குழந்தையுடன் மாமனார் வீட்டில் இருந்தாள். ஏப்ரல் 22-ந் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7-ந் தேதி அதிகாலையில் நமது படைகள் எல்லைக்கு அப்பால் ஒன்பது இடங்களைத் தாக்கின. அன்று முதல் மகனிடமிருந்து போன் வரவில்லை. யுத்த காலத்தில் அது சகஜமென்று மாமனாருக்குத் தெரியும். மருமகளுக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, மனம் சமாதானம் அடைவது வேறு அல்லவா?

அன்றிரவு கராச்சி விழுந்தபோது நண்பர் கைதட்டக்கூட இல்லை. "கப்பற்படை அவ்வளவு பெரிய காரியம் செய்திருந்தால் டில்லியிலே ஓர் அதிகாரியாவது வாயைத் திறந்திருப்பாரே!" என்று மட்டும் சொன்னார். சற்று நேரத்துக்கெல்லாம் திரையில் சிவப்பு எழுத்துக்கள் ஓடின. ராஜௌரியில் நமது ராணுவப் படைமுகாமின்மீது தற்கொலைப் படையினர் தாக்குதல் என்றன அவை. பின்னணியில் அபாயச் சங்கு ஊதிற்று. அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

"மாமா! ராஜௌரி என்கிறார்களே!" என்றாள் மருமகள். கையிலிருந்த பால் தம்ளர் நழுவிற்று.

"அதை நிறுத்தம்மா" என்றார் நண்பர். அவள் நிறுத்தவில்லை. நிறுத்த எப்படி மனம் வரும்? ஒரு சானலை விட்டு மறு சானலுக்குப் போனாள். ஒன்றில் முகாம் எரிந்தது. இன்னொன்றில் லாகூர் எரிந்தது. குழந்தை வீரிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். விடியும் வரையில் யாரும் தூங்கவில்லை.

ராஜௌரி முகாமில் தற்கொலைத் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்று சர்க்காரின் செய்திச் சரிபார்ப்புப் பிரிவு மறுப்பு வெளியிட்டது. ஆனால் பொய் ரயிலில் வந்தது. மறுப்போ கட்டை வண்டியில் வந்தது. மறுப்பு ஆவடிக்கு வந்து சேருமுன் ஒரு பெண்ணின் ஒரு முழு இரவு பறிபோய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க எந்தச் செய்திச் சாலையாலும் முடியாது.

இந்தப் பொய்கள் எப்படி உற்பத்தியாயின என்று பார்ப்போம். முதலாவது, யுத்தகளத்தில் இரவு நேரத்தில் நடப்பது யாருக்கும் உடனே தெரியாது. களத்தில் நிற்கும் படைவீரனுக்கே நூறு கஜத்துக்கு அப்பால் என்னவென்று தெரியாது. இரண்டாவது, இருபத்துநான்கு மணி நேரமும் பேசியாக வேண்டிய சானலுக்கு, 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்லத் தைரியம் கிடையாது. பேசாத நிமிஷம் நஷ்டமான நிமிஷம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் கணக்கு எடுத்து, அந்தக் கணக்கின்படி விளம்பரப் பணம் வருகிறது. மூன்றாவது, அடுத்த சானல் சொல்லிவிட்டதே என்ற பதற்றம். ஒருவன் 'கராச்சி எரிகிறது' என்றால் மற்றவன் 'கராச்சி எரிந்து முடிந்தது' என்று சொன்னால்தான் முந்திக்கொள்ளலாம்.

இனிப் படத்துக்கு என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. அந்த நாட்களில் யுத்தக் காட்சிகள் என்று உலவிய வீடியோக்களில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றிலிருந்து எடுத்தவை இருந்தன. சிறுவர்கள் பொழுதுபோக்காக ஆடும் விளையாட்டு, தேசத்தின் வான் பாதுகாப்பாகக் காட்டப்பட்டது! அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அவ்வருஷம் ஜனவரியில் ஒரு விமானம் விழுந்து எரிந்த காட்சி, கராச்சி எரிகிற காட்சியாயிற்று. ஜலந்தரில் வயலில் பற்றிய தீ, எதிரியின் ஆளில்லா விமானத் தாக்குதலாயிற்று. உண்மையில் நமது கப்பற்படை தயாராக நின்றதே ஒழியக் கராச்சியைத் தாக்கவில்லை என்பதை மே 11-ந் தேதி அதிகாரிகளே விளக்கினார்கள்.

அபாயச் சங்கின் கதை இன்னும் விசித்திரம். மே 7-ந் தேதி தேசமெங்கும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. நமது பக்கத்தில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. சங்கு ஊதினால் விளக்கை அணைத்துப் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டுமென்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே சங்கைச் சானல்கள் பின்னணிச் சங்கீதமாக வாசித்தன! நிஜமாகச் சங்கு ஊதும்போது ஜனங்கள் டெலிவிஷன் சத்தம் என்று அலட்சியமாக இருந்துவிடுவார்களே என்று கவலைப்பட்டு, அதை நிகழ்ச்சிகளில் உபயோகிக்கலாகாது என்று பாதுகாப்பு அதிகாரிகள் அறிக்கை விட நேர்ந்தது. 'புலி வருது' கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தாமே செய்திச் சாலைகளிலும் இருக்கிறார்கள்?

*

"போகட்டும், எதிரி விஷயத்தில் நாலு பொய் சொன்னால் என்ன மோசம்? ஜனங்களுக்கு உற்சாகம் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தேசாபிமானத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆகையால் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

ஜம்மு-காஷ்மீரத்தில் பூஞ்ச் என்ற எல்லையூர். மே 7-ந் தேதி பாகிஸ்தான் பீரங்கிகளின் குண்டு மழையில் அங்கே பொது ஜனங்கள் பலர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் மதரஸா ஆசிரியர். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தவர். எதிரியின் குண்டுக்குப் பலியான இந்தியர் அவர். ஆனால் நமது சானல்கள் சில என்ன செய்தன தெரியுமா? அவருடைய படத்தைக் காட்டி, நமது படைகள் கொன்ற பயங்கரவாதத் தலைவன் இவன்தான் என்று அறிவித்தன! பூஞ்ச் போலீஸார் உடனே அதை மறுத்தார்கள். 2025 ஜூன் மாதத்தில் பூஞ்ச் நீதிமன்றம் இதற்காக வழக்குப் பதிவு செய்யும்படி உத்தரவிட்டது. எதிரி அவருடைய உயிரை எடுத்தான். நம்மவர்கள் அவருடைய மானத்தை எடுத்தார்கள். எதிரி விஷயத்தில் சொல்லப்பட்ட பொய் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தீர்களா?

மதுரையில் பாண்டியன் பொற்கொல்லனுடைய வார்த்தையை விசாரியாமல் நம்பினான். கள்வனென்று ஒரு சொல். அதனால் கோவலன் தலை போயிற்று. உண்மை தெரிந்தபோது பாண்டியன் சிம்மாசனத்திலேயே உயிர் விட்டான். இந்தக் காலத்தில் யாரையும் உயிர் விடச் சொல்லவில்லை. செய்த தவற்றை, செய்த அதே உரத்த குரலில், அதே நேரத்தில், அதே அளவு பெரிய எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதுமென்கிறோம். மே 9-ந் தேதிக்குப் பின் ஓரிருவர் வருத்தம் தெரிவித்தார்கள். மற்றவர்கள் அடுத்த பரபரப்புக்குப் போய்விட்டார்கள்.

தேசத்துக்கு லாபமாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. அந்த நாட்களில் வெளிநாட்டு இலாகாக் காரியதரிசியும், ராணுவத்தையும் விமானப்படையையும் சேர்ந்த இரண்டு பெண் அதிகாரிகளும் தினந்தோறும் வந்து, தாக்கிய இடம் இது, தாக்கியது இதனால் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்கள். அளவான அந்தப் பேச்சுக்கு உலகத்தில் மதிப்பு இருந்தது. அதைச் சானல்களின் கூச்சல் மூழ்கடித்தது. அயல்நாட்டுப் பத்திரிகைகள் பிறகு நமது செய்திச் சாலைகளின் கற்பனையையே பெரிய செய்தியாகப் பிரசுரித்தன. நமது வீரர்கள் உண்மையாகச் செய்த காரியத்தையும் சந்தேகத்துடன் பார்க்கும்படி ஆயிற்று. இதற்குத் தேசபக்தி என்று பெயர் வைத்தால், தேசத் துரோகத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

*

சென்னைப் பட்டணத்துக்கு யுத்த வதந்தி புதிதல்ல. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் வந்து நூறுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசி, துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. உயிர்ச் சேதம் மிகச் சொற்பம். ஆனால் அடுத்து வந்த நாட்களில் 'மறுபடி வருகிறான்' என்ற பேச்சு கிளம்பி, ஆயிரக்கணக்கான ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஊரை விட்டு ஓடினார்கள். எம்டன் திரும்பி வரவேயில்லை. அவ்வருஷம் நவம்பரில் கொக்கோஸ் தீவருகே அழிந்தது. தமிழில் மட்டும் அது நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சாமர்த்தியசாலியைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன்!" என்று சொல்லுகிறோமே, அது அன்றைக்கு வந்த வார்த்தைதான்.

1942 ஏப்ரலில் இன்னும் பெரிய பீதி. ஜப்பானியர் கொழும்பிலும், விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், திருகோணமலையிலும் ஒரு வாரத்துக்குள் குண்டு போட்டார்கள். அது உண்மை. சென்னையில் இறங்கப் போகிறார்கள் என்ற தகவல் வந்தது. அது உண்மையல்ல. சர்க்கார் அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மிருகக்காட்சிசாலையில் சிங்கங்களையும் புலிகளையும் சுட்டுக் கொன்றார்கள். வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு ரயில் ஏறியவர்களின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போடப்பட்ட இருப்புப் பாதை, தென்னாட்டின் முதல் பிரயாணிகள் பாதை, அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுக்கொண்டு மேற்கே போகிறது. அந்தப் பாதையில் ஒரு பட்டணமே மூச்சுத் திணற ஓடிற்று. ஜப்பானியர் இறங்கவில்லை. ஆனால் ஓடினவர்கள் இழந்த வீடு வாசல் திரும்பவும் கிடைக்கவில்லை.

அன்று செய்தி பரவ நாட்கள் ஆயின. இன்று நிமிஷங்கள் போதும். அதோடு, யுத்தமே இல்லாத இடத்தையும் யுத்தகளமாக்கிவிட முடியும் என்று நமது அம்பத்தூர் கண்டது. 2023 மார்ச்சு ஆரம்பத்தில், தமிழ்நாட்டில் பீஹார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்லுகிறார்கள் என்று வடக்கே செய்தி கிளம்பிற்று. ஆதாரமென்று காட்டப்பட்ட இரண்டு வீடியோக்களைத் தமிழ்நாடு போலீஸ் தலைவர் விளக்கினார். ஒன்று, வெளி மாநிலத் தொழிலாளிகள் தங்களுக்குள் சண்டையிட்டது. மற்றொன்று, உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் சண்டையிட்டது. ஹோலிப் பண்டிகைக்காக ஊர் போகிறவர்களால் ரயில்கள் நிரம்பியிருந்தன. அந்தக் கூட்டத்தையும் 'உயிர் தப்பி ஓடும் கூட்டம்' என்று சொல்லிவிட்டார்கள்!

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வடநாட்டுத் தொழிலாளிகள் ஏராளம். எந்திரத்தின் முன் நின்று வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு ஊரிலிருந்து தாயார் போன் செய்து, "மகனே, உயிரோடிருக்கிறாயா?" என்று அழுதால் அவன் கதி என்ன? பக்கத்தில் நின்று வேலை செய்யும் தமிழனை நேற்றுவரை 'அண்ணா' என்றவன் இன்று எந்தக் கண்ணால் பார்ப்பான்? பீஹார் சர்க்காரின் குழு வந்து நேரில் விசாரித்துத் திருப்தியடைந்தது. செய்தி பரப்பியவர்கள்மீது வழக்குகள் வந்தன. நல்ல வேளையாக ரத்தம் சிந்தவில்லை. நல்ல வேளை எப்போதும் வாய்க்குமென்று நிச்சயம் உண்டா? 1994-இல் ஆப்பிரிக்காவின் ருவாண்டா தேசத்தில் ஒரு வானொலி நிலையம் அண்டை வீட்டான்மீது அண்டை வீட்டானை ஏவிவிட்டது. 2003 டிசம்பரில் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம், அந்த வானொலியை நடத்திய இருவரையும் ஒரு பத்திரிகாசிரியரையும் இனப் படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்கள் கையில் பிடித்திருந்தது ஒலிபெருக்கியும் பேனாவுமே.

*

வடக்கத்தியச் சானல்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் நமது மனச்சாட்சி நம்மைச் சும்மா விடாது. தமிழ்ப் பத்திரிகைகளாகிய நாமும் கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டும்.

2009-இல் வன்னியில் யுத்தம் உச்சத்தை அடைந்தபோது, சுதந்திரமான பத்திரிகையாளர் எவரையும் இலங்கைச் சர்க்கார் களத்தருகே விடவில்லை. ஐக்கிய நாட்டு ஊழியர்களையும் 2008 செப்டம்பரிலேயே வன்னியை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பொதுஜனங்களில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று கொழும்பில் சாதித்தார்கள். அச்சமின்றி எழுதிவந்த 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8-ந் தேதி பட்டப்பகலில் கொலையுண்டார். கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பேர் வரையில் மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாட்டு நிபுணர் குழு 2011-இல் கூறிற்று. உண்மையைக் கொண்டு வருபவனுக்குக் கதவடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம்.

இப்பால் தமிழகத்தில் என்ன நடந்தது? ஜனங்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் வன்னியில் அகப்பட்டிருக்க, ஒரு வரிச் செய்திக்காக ஏங்கியவர்கள் எத்தனை பேர்! அந்த ஏக்கத்தை ஆறுதலால் நிரப்பாமல் விற்பனையால் நிரப்பினவர்கள் நம்மிடையே இருந்தார்கள். மே மாதத்தில் புலிகளின் தலைவர் மாண்டார் என்று கொழும்பு அறிவித்தபின், அவர் தம்முடைய மரணச் செய்தியைத் தாமே டெலிவிஷனில் பார்த்துப் புன்னகை செய்வதுபோல் ஒட்டுப் போட்ட ஒரு படத்தைத் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. பிரதிகள் பறந்தன. அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நம்பியிருந்த ஒரு தாயாரை நினைத்துப் பாருங்கள். எதிரி கூறிய பொய்யை அவள் நம்பவே மாட்டாள். தன்னவன் கூறிய பொய்யை அல்லவா நம்பினாள்? ஆகையால் நம்மவர் கூறும் பொய்யே அதிகக் கொடியது.

அமெரிக்காவின் 'நியூ யார்க் டைம்ஸ்' 2004 மே மாதத்தில், ஈராக் யுத்தத்துக்கு முன் தான் வெளியிட்ட செய்திகள் பல போதிய ஆராய்ச்சி இல்லாதவை என்று தன் வாசகர்களிடம் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. யுத்தம் மூண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. காலம் கடந்த ஞானந்தான். ஆயினும் அவ்வளவாவது செய்தார்கள். நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்?

பூந்தமல்லி வழியாகப் போகிறவர்கள் அங்கேயுள்ள விசேஷ நீதிமன்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1991 மே 21-ந் தேதி, அதே நெடுஞ்சாலையில் சற்று மேற்கேயுள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். ஆறரை வருஷத்துக்கு மேல் கழித்து, 1998 ஜனவரி 28-ந் தேதி பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு மரண தண்டனையை நால்வருக்கு மட்டும் உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக மாற்றி, 19 பேரை விடுதலை செய்தது. சாட்சிகளை விசாரித்து, வருஷக்கணக்காக ஆராய்ந்த பின்னும் ஒரு நீதிமன்றத்தின் முடிவை மேல் நீதிமன்றம் இவ்வளவு மாற்ற வேண்டியிருந்தது. அப்படியிருக்க, பூஞ்ச் ஆசிரியரைப் பயங்கரவாதி என்று தீர்ப்பளிக்க ஒரு சானலுக்கு எத்தனை நிமிஷம் பிடித்தது?

*

இதற்குப் பரிகாரம் என்ன? சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லுகிறார்கள். சட்டம் இல்லாமல் இல்லை. 2008 நவம்பரில் பம்பாயில் பயங்கரவாதிகள் ஹோட்டல்களில் புகுந்தபோது, நமது வீரர்களின் ஒவ்வோர் அசைவையும் சானல்கள் நேராகக் காட்டின. கராச்சியில் உட்கார்ந்திருந்த சூத்திரதாரிகள் அதைப் பார்த்தே தங்கள் ஆட்களுக்குப் போனில் உத்தரவு கொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2012 ஆகஸ்டுத் தீர்ப்பில் இதை மிகக் கடுமையாகக் கண்டித்தது. பிற்பாடு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேராகக் காட்டலாகாது, அதிகாரி அவ்வப்போது சொல்லுவதையே சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. 2025 ஏப்ரல் 26-ந் தேதி சர்க்கார் அதை மறுபடியும் ஞாபகப்படுத்தினார்கள். ஞாபகப்படுத்திப் பன்னிரண்டு நாளில் கராச்சி விழுந்தது! நடந்ததைக் காட்டாதே என்று விதி சொல்லுகிறது. நடக்காததைக் காட்டுகிறவனை அது என்ன செய்யும்?

சர்க்காரின் கையில் அதிகக் கத்திரிக்கோலைக் கொடுப்பதும் ஆபத்து. அந்த மே மாதத்தில் பெரும் பொய் சொன்ன சானல்கள் ஒளிபரப்பிக்கொண்டே இருந்தன. கேள்வி கேட்கும் இணையப் பத்திரிகை ஒன்று சில காலம் முடக்கப்பட்டது. வாய்ப்பூட்டுச் சட்டங்களுக்கு எதிராகப் போராடிச் சிறை சென்ற தேசாபிமானப் பத்திரிகைகளின் பரம்பரை நம்முடையது. பூட்டு எவ்வளவு நல்ல எண்ணத்துடன் போடப்பட்டாலும், அது முதலில் உண்மையின் வாயிலேயே விழுகிறது என்பதை வன்னி காட்டிவிட்டது. உண்மை வராத இடத்தில் வதந்தி குடியேறும். ஆகையால் சர்க்கார் செய்யக்கூடிய பெரிய உபகாரம், தெரிந்ததை உடனுக்குடன் தெளிவாகச் சொல்லுவதே.

மற்றபடி பரிகாரம் பத்திரிகைக்காரர்களின் மனத்திலேதான் இருக்கிறது. நமது முன்னோர் அதற்கு ஒரு முன்மாதிரி வைத்துப் போயிருக்கிறார்கள். பாரத யுத்தத்தின் செய்தியைத் திருதராஷ்டிரனுக்குச் சொன்னவன் சஞ்சயன். கேட்கிறவன் அரசன், சொல்லுகிறவன் அவனுடைய சம்பளம் வாங்குகிறவன். ஆயினும் பீஷ்மர் விழுந்ததையும், துரோணர் விழுந்ததையும், கர்ணன் விழுந்ததையும், கடைசியில் நூறு பிள்ளைகளும் மாண்டதையும் ஒளிக்காமல், கூட்டாமல் சொன்னான். அரசனுக்கு இனிக்க வேண்டுமென்று பாண்டவர்களை ஒரு நாளாவது சஞ்சயன் பொய்யாகக் கொன்றதில்லை. அதே பாரதத்தில் இன்னொரு செய்தியும் வருகிறது. அசுவத்தாமன் மாண்டான் என்று தருமபுத்திரர் உரக்கச் சொன்னார்; யானை என்ற வார்த்தையை மெதுவாகச் சொன்னார். பூமியைத் தொடாமல் நான்கு அங்குலம் உயரத்தில் ஓடிய அவருடைய ரதம் அன்றே மண்ணில் இறங்கிற்று. தலைப்பை உரக்கவும் விவரத்தை மெதுவாகவும் சொல்லுகிற வித்தை அவ்வளவு பழையது. தருமபுத்திரருக்கே அது மன்னிக்கப்படவில்லை.

நேயர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. பார்க்கிறவர் இல்லாவிட்டால் கூத்து இல்லை. இரவிலே வரும் யுத்தச் செய்தியை விடியும் வரையில் நம்ப வேண்டாம். உண்மையானால் அது காலையிலும் உண்மையாகவே இருக்கும். யார் சொன்னார், எங்கிருந்து சொன்னார், தம் பெயரைச் சொன்னாரா என்று கேட்போம். 'அறிந்த வட்டாரங்கள்' என்று ஆரம்பித்தால் ஒரு படி உப்புடன் வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் வந்ததைப் பத்துப் பேருக்கு அனுப்புமுன் ஒரு நிமிஷம் யோசிப்போம். அனுப்புகிற விரலும் அப்போது பத்திரிகை நடத்துகிறது அல்லவா? பிணங்களின் படத்தைக் குழந்தைகள் முன் திறக்காமல் இருப்போம். அந்தப் படத்தில் இருப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

*

முடிவில் சொல்லுவதாக வாக்களித்த விஷயத்துக்கு வருவோம்.

மே 10-ந் தேதி சனிக்கிழமை மாலை சண்டை நிறுத்தம் ஏற்பட்டது. மாலை ஐந்து மணி முதல் தரையிலும் வானிலும் கடலிலும் இரு தரப்பும் நிறுத்துகின்றன என்று வெளிநாட்டு இலாகாக் காரியதரிசி நாலு வரியில் அறிவித்தார். நாம் அப்போதும் ஆவடியில் இருந்தோம். நண்பர் ஆனந்தத்துடன், "அம்மா, கேட்டாயா? நின்றுவிட்டதாம்!" என்றார்.

மருமகள் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"இவர்கள்தாமே மாமா, கராச்சி விழுந்தது என்றார்கள்?" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மூன்று நாட்களில் உண்மையாக விழுந்தது அதுதான். வருகிற ஆபத்தைப் பற்றி நிஜமான எச்சரிக்கை சொன்னாலும், வந்த நன்மையைப் பற்றி நிஜமான செய்தி சொன்னாலும், இனி அந்த வீட்டில் அது செல்லாது. கராச்சி விழுந்திருந்தால் திரும்பக் கட்டிவிடலாம். இதைக் கட்ட எத்தனை வருஷம் ஆகுமோ!

மறுநாள் காலையில் போன் மணி அடித்தது. நண்பருடைய மகன்தான். சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. "சௌக்கியமாயிருக்கிறேன். சாப்பிட்டாயிற்று. இனித் தூங்கப் போகிறேன். குழந்தை என்ன செய்கிறது?" என்றார். அவ்வளவுதான். பின்னணிச் சங்கீதம் இல்லை. சிவப்பு எழுத்து இல்லை. ஆனால் பெயர் தெரிந்த ஒருவர், தாம் இருக்கிற இடத்திலிருந்து, தாம் நேரில் அறிந்ததை மட்டும் சொன்னார். அந்த மூன்று நாளும் அந்த வீட்டுக்கு வந்த ஒரே யுத்தச் செய்தி அது.

மருமகள் அதை நம்பினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.